கோப்பை சென்னைக்கு, களம் எங்கே?

2025 ஜூன் 29 அன்று மும்பை அந்தேரி விளையாட்டு வளாகத்தில் சென்னை புல்ஸ் அணி டெல்லி ரெட்ஸ் அணியை 41–0 என்று வீழ்த்தி, ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையைத் தூக்கியது. இறுதிப் போட்டியில் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுக்காத வெற்றி. கிரிக்கெட்டில் சென்னை ஜெயித்தால் எங்கள் சேலம் சூரமங்கலத்தில் நள்ளிரவிலும் வெடிச்சத்தம் கேட்கும். இந்தக் கோப்பைக்கு ஒரு சரவெடியும் இல்லை. மறுநாள் ஜங்ஷன் டீக்கடைகளில் பேச்சும் இல்லை.

புதிய பருவம் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி, சென்னை கோப்பையைத் தக்கவைக்குமா என்பதுதான். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று இருக்கிறது. சென்னை புல்ஸ் என்பது ஒரு கிளப்பா, அல்லது ஓர் ஊரின் பெயரைத் தாங்கிய பெயர்ப்பலகையா? கிளப் என்றால் சொந்தக் களம் வேண்டும், சிறுவர் அணி வேண்டும், ஆண்டு முழுவதும் பயிற்சி வேண்டும், தோற்றாலும் வந்து உட்காரும் கூட்டம் வேண்டும். இவற்றில் எது இருக்கிறது, எது வரக்கூடும், அதில் சேலம், நாமக்கல் போன்ற உள் மாவட்டங்களுக்கு என்ன பங்கு என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பதினைந்து நாள் ஆட்டம்

இந்திய ரக்பி சங்கமும் ஜி.எம்.ஆர். நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய லீக் இது. சங்கத்தின் தலைவர், நடிகராக நாம் அறிந்த ராகுல் போஸ். இந்தியாவுக்காக ரக்பி ஆடியவர். சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கலிங்கா என ஆறு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்துடன் இரண்டு முறை மோதியது. அரையிறுதி, மூன்றாம் இடம், இறுதி எல்லாம் சேர்த்து 34 போட்டிகள். ஜூன் 15-இல் தொடங்கி 29-இல் முடிந்துவிட்டது. அத்தனை போட்டிகளும் ஒரே மைதானத்தில் நடந்தன.

ஆடப்பட்டது எழுவர் ரக்பி. பக்கத்துக்கு ஏழு பேர். வழக்கமான பதினைவர் ஆட்டத்துக்குரிய அதே அகல நீளத்தில் களம். பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் ‘ட்ரை’, 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மேலும் 2. கையால் பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். உலகப் போட்டிகளில் 7 நிமிடம் கொண்ட இரு பாதிகள் ஆடுவார்கள். இந்த லீக்கில் அதை 4 நிமிடம் கொண்ட நான்கு பகுதிகளாக மாற்றினார்கள். தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் தோதான வடிவம். நடுவே விளம்பரத்துக்கும் இடம் கிடைக்கும்.

ஆட்டத்தின் தரத்தில் குறை சொல்ல முடியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியப் பெண்களைத் தங்கத்துக்கு அழைத்துச்சென்ற டிம் வால்ஷ், நியூசிலாந்து எழுவர் அணியின் முன்னாள் தலைவர் டி.ஜே. ஃபோர்ப்ஸ், இங்கிலாந்தின் பென் கோலிங்ஸ் போன்றோர் பயிற்சியாளர்களாக வந்தார்கள். ஒலிம்பிக் வீரர்களோடு இந்திய இளைஞர்கள் தோளோடு தோள் நின்று ஆடினார்கள். ஆனால் ‘சென்னை’ என்று சட்டையில் எழுதிக்கொண்ட அணி அந்தப் பருவத்தில் சென்னையில் ஒரு போட்டிகூட ஆடவில்லை. ஆறு அணிகளில் மும்பையைத் தவிர மற்ற ஐந்துக்கும் இதே நிலைதான்.

முதல் ஆண்டில் ஒரே இடத்தில் நடத்துவது செலவைக் கட்டுப்படுத்தும். அதில் நியாயம் இருக்கிறது. அதுவே வழக்கமாகிவிட்டால், ஊர்ப்பெயர் வெறும் நிற வேறுபாடாகச் சுருங்கிவிடும்.

பணம் மிஞ்சியது, ஆள் மிஞ்சவில்லை

ரக்பி இந்தியாவுக்குப் புதிது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் 1872 கிறிஸ்துமஸ் அன்றே கல்கத்தாவில் போட்டி நடந்திருக்கிறது. அதையொட்டிக் கல்கத்தா ஃபுட்பால் கிளப் உருவானது. ஆடியவர்கள் ஆங்கிலேய வணிகர்களும் ராணுவத்தினரும். சில ஆண்டுகளிலேயே ராணுவப் பிரிவு இடம் மாறியது. மிச்சமிருந்தவர்களைப் போலோவும் டென்னிஸும் இழுத்துக்கொண்டன. கிளப்பைக் கலைக்க முடிவெடுத்தபோது வங்கியில் பணம் இருந்தது. வெள்ளி ரூபாய்களாக அதை எடுத்து உருக்கி, நம் நாட்டு வேலைப்பாட்டில் ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடி; மூடியின்மேல் ஒரு யானை. அதை இங்கிலாந்து ரக்பி சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதும் ‘கல்கத்தா கோப்பை’ அதுதான்.

உலகப் புகழ்பெற்ற அந்தக் கோப்பைக்குப் பின்னால் இருப்பது ஒரு கிளப்பின் சாவு. பணம் மிஞ்சியிருந்தது, ஆட ஆள் மிஞ்சவில்லை. வெளியிலிருந்து வந்தவர்களை மட்டும் நம்பிய கிளப், அவர்கள் கிளம்பியதும் படுத்துவிட்டது.

பின்னர் அகில இந்தியப் போட்டி 1924-இல் தொடங்கியது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஜிம்கானா என்று நகர மேட்டுக்குடி கிளப்களின் புல்வெளிகளில் ஆட்டம் உயிரோடிருந்தது. விடுதலைக்குப் பின்னர் ராணுவ அணிகள் அதைத் தாங்கின. சென்னையில் சீட்டாஸ் போன்ற கிளப்கள் இந்தியர்களைக் கொண்டு வலுவான அணிகளை உருவாக்கின. ஆனால் கடற்கரை நகரத்தைத் தாண்டிக் கொங்கு, சேலம் பகுதிகளுக்கு ரக்பி வந்து சேரவில்லை என்றே சொல்லலாம். கிரிக்கெட்டும் ஹாக்கியும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தவைதான். அவை பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்தன. ரக்பி கிளப் வாசலைத் தாண்டவில்லை.

லீக்குகள் பிழைத்த கதையும் நின்ற கதையும்

நகரப்பெயர் சூட்டிய லீக்குகள் நமக்குப் பழகிவிட்டன. அவற்றின் வரலாற்றைப் புரட்டினால் ரக்பிக்கு வேண்டிய பாடம் கிடைக்கும்.

2019-இல் புரோ வாலிபால் லீக் நடந்தது. இறுதிப் போட்டி சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில். கோப்பை சென்னை ஸ்பார்ட்டன்ஸ் அணிக்கு. முதல் பருவத்தின் முதல் சாம்பியன் சென்னை! வாலிபால் சங்கத்துக்கும் லீக் நடத்திய நிறுவனத்துக்கும் ஒப்பந்தத் தகராறு. அந்த லீக் இரண்டாம் பருவத்தைப் பார்க்கவில்லை. 2022-இல் வேறு பெயரில், வேறு ஏற்பாட்டில்தான் வாலிபால் திரும்பி வந்தது. ஹாக்கி இந்தியா லீக் 2017-உடன் நின்றது. மறுபடி 2024 டிசம்பரில்தான் தொடங்கியது. கால்பந்தில் 2025-இல் ஒப்பந்தச் சிக்கல் முற்றி ஐ.எஸ்.எல். பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு முறை சாம்பியனான சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாட்டை நிறுத்திவைப்பதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது.

நிலைத்தது புரோ கபடி. 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கி, 2017-இல் பன்னிரண்டாக வளர்ந்தது. அப்போதுதான் தமிழ் தலைவாஸ் வந்தது. இதுவரை கோப்பை வெல்லாத அணி அது. ஆனாலும் நம் கிராமங்களில் அதற்கு ரசிகர்கள் உண்டு. காரணம் எளிது: கபடியை லீக் உருவாக்கவில்லை, ஏற்கெனவே இருந்த கபடிக்கு லீக் ஒரு மேடை போட்டுக்கொடுத்தது. நாமக்கல், சேலம் சாலைகளில் மின்கம்பத்துக்கு மின்கம்பம் தொங்கும் ‘மின்னொளி கபடி’ பதாகைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடவே, தொடக்கப் பருவங்களில் கபடி லீக் ஊர் ஊராகப் போனது. ஒவ்வோர் அணியின் நகரத்திலும் சில நாட்கள் முகாமிட்டு ஆடியது.

ரக்பிக்கு அந்த அடித்தளம் இங்கே இல்லை. ஆகவே லீக்கும் அடித்தளமும் ஒரே நேரத்தில் எழும்ப வேண்டும். இரண்டில் முன்னதற்குத்தான் இப்போது முதலீடு போகிறது.

வெளிநாட்டுப் பாடங்கள்

பதினைவர் ரக்பி அதிகாரபூர்வமாகத் தொழில்முறை ஆட்டமானது 1995 ஆகஸ்ட்டில்தான். முப்பது ஆண்டுகளில் அது கண்ட மேடு பள்ளங்கள் கொஞ்சமல்ல. இங்கிலாந்தின் முதல்தர லீக்கில் 2022–23 பருவத்துக்குள் வொர்செஸ்டர், வாஸ்ப்ஸ், லண்டன் ஐரிஷ் என மூன்று கிளப்கள் கடனில் மூழ்கின. 13 அணிகள் 10 ஆகக் குறைந்தன. வாஸ்ப்ஸ் இரண்டு முறை ஐரோப்பிய சாம்பியனான கிளப். 2025-இல் நியூகாசில் கிளப்பை ரெட் புல் நிறுவனம் வாங்கித் தன் பெயரையே அதற்குச் சூட்டியது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் ரெபல்ஸ் 2024-உடன் மூடப்பட்டது. எழுவர் ரக்பியின் உலகச் சுற்றிலும் முதன்மைப் பிரிவு 12 அணிகளிலிருந்து 8 ஆகச் சுருக்கப்பட்டது. ஆட்டம் பிறந்த நாட்டிலேயே நிலைமை இது என்றால், இந்தியாவில் இதை நடத்துவோர் எத்தனை கவனமாக இருக்க வேண்டும்!

நேர்மாறான உதாரணம் பிரான்சில் இருக்கிறது. அந்நாட்டின் 14 அணிகள் கொண்ட முதல்தர லீக்கில் காஸ்த்ர் என்றொரு கிளப். நம் ராசிபுரம் அளவுள்ள ஊர்தான். 2013-இலும் 2018-இலும் பெருநகர அணிகளைத் தாண்டி அது சாம்பியன் ஆனது. பின்னால் நின்றது அதே ஊரில் வளர்ந்த பியர் ஃபாப்ர் மருந்து நிறுவனம். ஊர்க்காசு, ஊர்க்கூட்டம், ஊர்ப்பிள்ளைகள் என்று மூன்றும் சேர்ந்தால் சிறிய ஊரும் தொழில்முறை கிளப்பைத் தாங்கும் என்பதற்கு இது சாட்சி.

இன்னும் பக்கத்தில் இலங்கை. அங்கே ரக்பியின் வேர் பள்ளிகளில் இருக்கிறது. கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி ட்ரினிட்டி கல்லூரியும் 1945 முதல் மோதும் பிராட்பி கேடயத்துக்குத் திரளும் கூட்டம், பல நாடுகளின் கிளப் போட்டிகளுக்குக்கூட வராது. பள்ளி முடித்தவன் போக கண்டி, ஹேவ்லாக் போன்ற கிளப்கள் உண்டு. ராணுவம், கடற்படை, விமானப்படை, காவல் துறை அணிகளும் அதே லீக்கில் ஆடுகின்றன. ஆட்டமும் வேலையும் ஒருசேரக் கிடைக்கின்றன. ஆனாலும் நிர்வாகத்தில் அரசியல் தலையிட்டதால் 2023-இல் உலக ரக்பி அமைப்பு இலங்கையை இடைநீக்கம் செய்தது. வேர் ஆழமாக இருந்ததால் ஆட்டம் பிழைத்துக்கொண்டது.

ஃபிஜியைப் பற்றிச் சொல்லாமல் எழுவர் ரக்பியைப் பேச முடியாது. பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் அந்தத் தீவுநாடு 2016, 2020 ஒலிம்பிக்குகளில் ஆண்கள் தங்கத்தை அடுத்தடுத்து வென்றது. அதற்கு ஆள் கொடுத்தவை கிராமத் திடல்கள்.

கபடிக்காரனும் ரக்பியும்

‘நம்மூர்க் கபடிப் பையன்களைப் பிடித்துப் போட்டால் ரக்பி தானாக வந்துவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. பாதி சரி.

சரியான பாதி இது. ரக்பியில் எதிராளியைத் தோளுக்கு மேலே பிடிப்பது குற்றம். தாழ்ந்து வந்து இடுப்பையோ தொடையையோ இரு கைகளாலும் சுற்றி வளைக்க வேண்டும். தொடைப் பிடியும் கணுக்கால் பிடியும் கைவந்த ஒரு கபடிக்காரனுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. ஓடிவரும் உடலின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கண் பார்க்கும். அந்த நொடியில் கை போகும். பல நாட்டுச் சிறுவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிலும் பாடம் அது.

தவறான பாதி, பிடித்த பிறகு வருகிறது. கபடியில் விசில் ஊதும்வரை விடக் கூடாது. விட்டால் புள்ளி போச்சு. ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்ததும் உடனே கையை எடுத்துவிட்டு விலக வேண்டும்; விழுந்தவனும் பந்தை விட்டுவிட வேண்டும். அதன்பின் எழுந்து நின்றவர்கள் அந்தப் பந்துக்காகத் தள்ளுமுள்ளுப் போடுவார்கள். இறுகப் பிடித்த பிடியை விடாத கபடிக்காரன் முதல் நிமிடத்திலேயே அணிக்கு அபராதம் வாங்கித் தருவான். மூச்சும் வேறு. கபடியில் ஒரு பாட்டு 30 நொடி, அடுத்து ஓய்வு. எழுவர் ரக்பியில் நூறு மீட்டர் நீளக் களத்தில் நிற்காமல் ஓட்டம். பிடிக்குக் கபடி, ஓட்டத்துக்குத் தடகளம், பந்தைக் கைமாற்றக் கூடைப்பந்து என்று மூன்று மைதானங்களிலும் ஆள் தேடினால்தான் ஒரு ரக்பி அணி தேறும்.

அப்படித் தேடி வென்ற மாநிலம் பீகார். பாட்னா மாவட்டத்தின் பார் வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஸ்வீட்டி குமாரி ஓட்டப்பந்தயக்காரியாகத்தான் தொடங்கினார். வேகத்தைப் பார்த்த பயிற்சியாளர் ரக்பிக்குத் திருப்பினார். 2019-இல் சர்வதேச இளம் வீராங்கனை விருது அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில் இந்தியப் பெண்கள் மணிலாவில் சிங்கப்பூரை 21–19 என்று வென்று, பதினைவர் ஆட்டத்தில் முதல் சர்வதேச வெற்றியைப் பெற்றார்கள். ஒடிசாவின் பழங்குடி மாணவ மாணவியரும் இந்திய அணிகளுக்குள் வந்திருக்கிறார்கள். இந்திய ரக்பிக்குப் பெரிய நம்பிக்கை தந்தவர்கள் பெண்கள். ஆனால் லீக்கின் முதல் பருவம் ஆண்களுக்கு மட்டுமே நடந்தது. பெண்கள் அணிகள் லீக்கில் நிரந்தர இடம் பிடிக்காதவரை இந்த ஏற்பாடு ஒற்றைக் காலில்தான் நிற்கும்.

வேலை என்னும் கோடு

சூரமங்கலத்தில் விடியற்காலையில் ஓடும் இளைஞர்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் தயாராகிறவர்கள். விளையாட்டு அவர்களுக்கு வேலைக்கான வழி. பதினைந்து நாள் லீக்கில் கிடைக்கும் தொகை எவ்வளவாக இருந்தாலும், மீதி 350 நாட்களுக்குச் சோறு யார் போடுவது என்று வீட்டில் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத ஆட்டத்துக்கு இங்கே பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்.

பதிலின் ஒரு பகுதி ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. மத்திய அரசுப் பணிகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் 2020-இல் 43 விளையாட்டுகளிலிருந்து 63 ஆக விரிந்தபோது ரக்பியும் அதில் சேர்ந்தது. பீகாரில் ‘பதக்கம் கொண்டுவா, வேலை பெறு’ என்ற திட்டமே நடக்கிறது. நம் ஜங்ஷனை ஒட்டி, 2007-இல் உருவான சேலம் ரயில்வே கோட்டத்தின் தலைமையகம் இருக்கிறது. இந்திய விளையாட்டு வீரர்களுக்கு அதிக வேலை தந்த நிறுவனங்களில் ரயில்வே முதன்மையானது. ஒரு கோட்ட அளவிலான ரக்பி அணி இங்கே உருவானால், லீக்கின் விளம்பரம் செய்யாததை அது செய்யும்.

கிரிக்கெட்டில் இந்த ஏணி எப்படி இருக்கிறது என்பதைச் சேலத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்திலிருந்து சென்னை டிவிஷன் லீக், அங்கிருந்து டி.என்.பி.எல்., பின் ஐ.பி.எல்., 2020 டிசம்பரில் இந்திய அணி என்று ஏறினார். ஒவ்வொரு படியும் அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. ரக்பியில் மேல்படி மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. மாவட்ட லீக், மண்டல லீக் என்ற நடுப்படிகள் போட்டாக வேண்டும்.

உடலும் மண்ணும்

பெற்றோரின் இன்னொரு பயம் காயம். அது வீண் பயமும் இல்லை. 2003-இல் உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தாம்ப்சன் நாற்பதுகளிலேயே நினைவிழப்பு நோய்க்கு ஆளானார். அந்தக் கோப்பையை வென்றதே நினைவில் இல்லை என்று சொன்னார். தலையில் விழும் அடிகள்மீது உலக ரக்பி இன்று கடுமையாக இருப்பதற்கு இத்தகைய வீரர்களின் வழக்குகளும் காரணம். தலையடி சந்தேகம் வந்தால் ஆளை வெளியேற்றிப் பரிசோதிப்பது இப்போது விதி.

நம் பக்கத்து மைதானங்கள் கோடையில் சிமெண்டுத் தரைபோல இறுகிவிடும். அதில் சாய்த்து விழவைக்கும் ரக்பியைச் சிறுவர்களுக்குத் தொடங்கக் கூடாது. அதற்கு ‘டேக்’ ரக்பி இருக்கிறது: இடுப்புப் பட்டையில் தொங்கும் நாடாவை உருவினால் பிடித்ததாகக் கணக்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்தே ஆடலாம். பந்து ஒன்று, நாடாக்கள் சில, பாதி மைதானம் போதும். முழுப் பிடி ஆட்டத்தைப் புல்தரை கிடைத்த பின், மழைக்காலத்தை ஒட்டி, முதலுதவி தெரிந்த பயிற்சியாளரோடு தொடங்கலாம்.

வரும் பருவத்தில் எதைப் பார்ப்பது

ஏலத்தில் யார் எவ்வளவுக்குப் போனார் என்பதும், எந்த ஒலிம்பிக் வீரர் வருகிறார் என்பதும் செய்தியாகும். அவற்றை வைத்து இந்த லீக்கை எடைபோட வேண்டாம். சென்னை புல்ஸ் தமிழ்நாட்டு மண்ணில் எத்தனை போட்டி ஆடுகிறது, இந்திய வீரர்கள் களத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறார்கள், அணியில் எத்தனை பேர் இம்மாநிலத்துப் பிள்ளைகள், லீக் முடிந்த அடுத்த மாதம் கிளப்பின் பெயரில் எங்காவது பயிற்சி நடக்கிறதா என்பவையே சரியான அளவுகோல்கள். இதே அணி இன்னொரு முறை 41–0 என்று ஜெயித்தாலும் இவற்றுக்கு விடை இல்லையென்றால் அது பெயர்ப்பலகைதான்.

தமிழ்நாட்டு ரக்பி நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்வு முகாமைச் சென்னையில் மட்டும் வைக்காதீர்கள். சேலத்தில் ஒன்று, நாமக்கல்லில் ஒன்று வையுங்கள். ஆட்களைத் தேடி மின்னொளி கபடிக்கு வாருங்கள். இங்கே ரிக் வண்டிக்காரர்களும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் லாரிப் பட்டறைக்காரர்களும் கபடிக் கோப்பைகளுக்குப் பணம் போட்டுப் பழகியவர்கள். ஊர்ப்பிள்ளை ஆடுகிறான் என்று தெரிந்தால் ரக்பிக்கும் போடுவார்கள். அவர்களைக் கேட்க யாராவது வர வேண்டும், அவ்வளவுதான்.